முறியும் முன்பே முட்டுக் கொடுக்கலாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த மூட்டுத் தேய்மானம் குறித்த கட்டுரையைப் படித்தேன். எடையைக் குறைப்பது, தொடைத் தசைக்குப் பயிற்சி கொடுப்பது, கண்டபடி ஊசி போட்டுக்கொள்ளாமல் இருப்பது என்று அதில் சொல்லப்பட்ட அனைத்தும் சரியானவையே. ஆனால், அறுபதைக் கடந்தவர்களின் கால்வலி பெரும்பாலும் தேய்மானத்தால் வருவதே, அஞ்ச வேண்டியதில்லை என்ற பொருள்பட முடிந்திருந்த அதன் கடைசிப் பத்தி என்னைத் தூங்கவிடவில்லை. அந்த ஆறுதல் பொருந்தாத ஒரு கூட்டத்தார் நம் வீடுகளில் இருக்கிறார்கள். எப்போதோ புற்றுநோய்க்கு மருத்துவம் பார்த்துக்கொண்டவர்களைத்தான் சொல்கிறேன். அரசு மருத்துவமனைகளின் எலும்பு முறிவு வார்டுகளில் 31 ஆண்டுகள் இயன்முறை சிகிச்சையாளராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையிலும், இதே தவற்றைச் செய்தவன் என்ற முறையிலும் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

என் பெரியம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய்க்காக ஒரு பக்க மார்பை எடுத்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. தொடக்கத்தில் தவறாமல் போய்க் காட்டி வந்தவர், ஐந்தாண்டு கடந்ததும் ‘அது போன பீடை’ என்று சிகிச்சைக் காகிதங்களைப் பரணில் ஏற்றிவிட்டார். ஒரு மாசி மாதத்தில் வலது முழங்கால் வலிக்கிறது என்றார். எக்ஸ்ரே எடுத்தோம், முழங்காலை மட்டும் எடுத்தோம். எழுபத்தொரு வயது முழங்காலில் தேய்மானம் இல்லாமலா இருக்கும்? இருந்தது. வயதானால் இப்படித்தான் பாட்டி என்று மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். மெழுகு ஒத்தடமும் தசைப் பயிற்சியும் கொடுத்தவன் நான். படுத்திருக்கும்போதுகூட உள்ளே குடைகிறது என்றும், காலை ஊன்றினால் தொடையிடுக்கில் சுரீர் என்கிறது என்றும் அவர் நான்கு மாதம் சொல்லிக்கொண்டிருந்தார். இடுப்பு மூட்டிலோ தொடையெலும்பின் மேற்பகுதியிலோ உள்ள நோய் முழங்காலில் வலியாகத் தெரியும் என்பது எங்கள் படிப்பில் முதலாண்டுப் பாடம். அதைத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவன், சொந்தப் பெரியம்மாவிடம் மறந்துபோனேன்.

ஆடி மாதம் ஒருநாள் குளியலறையில் சொம்பை எடுக்கத் திரும்பியபோது தொடை முறிந்தது. ஆட்டோவில் போகும்போது அவர் என்னிடம் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது: “சுள்ளி ஒடிஞ்ச மாதிரி சத்தம் கேட்டுதுடா தம்பி, அப்புறந்தான் விழுந்தேன்.” விழுந்ததால் முறியவில்லை, முறிந்ததால் விழுந்தார். இந்த முன்பின் வரிசையை விசாரித்தாலே பாதி நோய் தெரிந்துவிடும். நாங்கள் கொண்டுசேர்த்த மருத்துவமனையில், நோய் எலும்புக்குப் பரவிவிட்டது, இனி அறுவை செய்து என்ன ஆகப்போகிறது என்று சொல்லிக் காலில் எடை கட்டி, இரு பக்கமும் மணல் மூட்டை வைத்துப் படுக்க வைத்தார்கள். பத்து நாளில் அதே ஏற்பாட்டோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். பெரியம்மா அதன் பிறகு பதினோரு வாரம் இருந்தார். ஒவ்வொரு முறையும் பெட்பேனை நுழைக்க இரண்டு பேர் இடுப்பைத் தூக்குவோம். முறிந்த முனைகள் உள்ளே உரசும்போது அவர் போட்ட சத்தம் எதிர்வீட்டுக்குக் கேட்கும். கடைசி ஒரு மாதம் அந்தச் சத்தத்துக்குப் பயந்து சாப்பிடுவதையே குறைத்துக்கொண்டார். அவர் இறந்தது புற்றுநோயால் என்று எல்லோரும் சொன்னார்கள். படுக்கைப் புண்ணும் நெஞ்சுச் சளியும்தான் முந்திக்கொண்டன என்பது எனக்குத் தெரியும்.

புற்றுநோய் எலும்புக்குப் போவது அரிய நிகழ்வு அன்று. மார்பகம், புராஸ்டேட், நுரையீரல், சிறுநீரகம், தைராய்டு ஆகிய ஐந்தில் தோன்றும் புற்றுகள் எலும்பை நாடிப் போகும் இயல்பு மிகுந்தவை. ஏன் சில உறுப்புகளை மட்டும் நாடுகின்றன என்ற கேள்விக்கு லண்டன் அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜெட் 1889-இல் சொன்ன விளக்கம் ஓர் உழவர் சொன்னதைப் போல இருக்கும். மார்பகப் புற்றால் இறந்த 735 பெண்களின் பிணக்கூறாய்வுக் குறிப்புகளைப் பார்த்த அவர், விதை எல்லாத் திசையிலும் பறந்தாலும் ஒத்துப்போகும் மண்ணில் மட்டுமே முளைக்கிறது என்றார். எலும்பு அத்தகைய மண். அங்கே குடியேறிய புற்றுச் செல்கள் தாமாக எலும்பைத் தின்பதில்லை. தேய்ந்த எலும்பைக் கரைத்துப் புதிய எலும்புக்கு இடமளிப்பதற்காக உடலே வைத்திருக்கும் செல்களை அவை முடுக்கிவிடுகின்றன. எலும்பு கரையக் கரைய அதில் பொதிந்திருந்த வளர்ச்சிப் பொருள்கள் வெளிவந்து புற்றுக்கே உரமாகின்றன. கரையான் புகுந்த விட்டத்தை வெளியிலிருந்து பார்த்தால் சாயம்கூடப் போயிருக்காது. விரலால் தட்டினால்தான் உள்ளே ஒன்றுமில்லை என்று தெரியும். எக்ஸ்ரே அப்படித் தட்டிப் பார்ப்பதுதான். அதுவும் எலும்பு கணிசமாக அரிக்கப்பட்ட பிறகே தெளிவாகக் காட்டும் என்பதால், வலி இருந்தும் படம் நன்றாக இருந்தால் எம்.ஆர்.ஐ. வரை போக வேண்டியிருக்கும்.

நீண்ட எலும்புகளில் இப்படி அதிகம் அடிபடுவது தொடையெலும்பு. அதிலும் இடுப்பை ஒட்டிய மேற்பகுதி. நடக்கும்போது இடுப்பு மூட்டில் உடல் எடையைப் போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு சுமை ஏறுகிறது, படியேறும்போது அதனுடன் முறுக்கும் சேர்கிறது. நல்ல எலும்பு இதை வாழ்நாளெல்லாம் தாங்கும். ஒரு பக்கம் ஓட்டை விழுந்த எலும்போ, படுக்கையில் புரண்டாலும், தரைமட்டக் கழிவறையிலிருந்து எழுந்தாலும் முறியும். தொடையெலும்பின் உட்பக்க மேட்டில் சிறு துண்டு மட்டும் தனியாகப் பிய்ந்திருப்பது பள்ளிச் சிறுவனுக்கு ஓட்டப்பந்தயத்தில் நேரலாம். வளர்ந்தவர் ஒருவருக்குப் பெரிய அடி ஏதுமின்றி அப்படி நேர்ந்தால், வேறு காரணம் உறுதியாகும் வரை அதைப் புற்றுநோயாகவே கருதித் தேட வேண்டும் என்று எங்கள் வார்டுப் பேராசிரியர் ஒவ்வோர் ஆண்டும் புதிய மாணவர்களிடம் கையைத் தட்டிச் சொல்வார்.

எந்த எலும்பு முறியப் போகிறது, எது தாங்கும் என்று முன்கூட்டியே கணிக்க ஒரு கணக்கு 1989 முதல் புழக்கத்தில் இருக்கிறது. ஹில்டன் மிரெல்ஸ் என்ற எலும்பு மருத்துவர் வகுத்த அந்தக் கணக்கை வாசகர்களும் தெரிந்துவைத்திருக்கலாம் என்பதால் சொல்கிறேன். நான்கு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் மூன்று வரை மதிப்பெண். அரிப்பு கை எலும்பில் இருந்தால் ஒன்று, காலில் இருந்தால் இரண்டு, தொடையெலும்பின் இடுப்புப் பக்க மேட்டை ஒட்டி இருந்தால் மூன்று. வலி லேசாக இருந்தால் ஒன்று, நடுத்தரமாக இருந்தால் இரண்டு, காலை ஊன்றும்போது கூடும் வலிக்கு மூன்று. படத்தில் எலும்பு வெண்மையாகத் தடித்திருந்தால் ஒன்று, வெண்மையும் கருமையும் கலந்திருந்தால் இரண்டு, கரைந்து கருமையாகத் தெரிந்தால் மூன்று. எலும்பின் குறுக்களவில் மூன்றில் ஒரு பங்குக்குள் அரித்திருந்தால் ஒன்று, மூன்றில் இரண்டு பங்கு வரை என்றால் இரண்டு, அதற்கும் மேல் மூன்று. கூட்டினால் ஏழு வரை வருபவர்களுக்குக் கதிர்வீச்சும் கண்காணிப்பும் போதும். ஒன்பதும் அதற்கு மேலும் வந்தால் முறியும் முன்பே அறுவை. எட்டு என்றால் மருத்துவர் ஆளைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். இந்தக் கணக்கு குறைபாடற்றதன்று. முறியாத சில எலும்புகளையும் முறியும் என்று சொல்லிவிடுகிறது என்ற விமர்சனம் நியாயமானது. ஆனாலும் ஒரு காகிதத் துண்டும் ஒரு எக்ஸ்ரேயும் போதும் என்பதால் தாலுகா மருத்துவமனை வரைக்கும் இது செல்லுபடியாகிறது. பெரியம்மா போன பிறகு ஓர் இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இடத்துக்கு மூன்று, ஊன்றினால் வலிக்கு மூன்று. மீதியிரண்டுக்கும் இருப்பதிலேயே குறைந்த மதிப்பெண் போட்டாலும் எட்டு வருகிறது. எடுக்க வேண்டியிருந்தது தொடைக்கு ஓர் எக்ஸ்ரே மட்டும்.

விட்டம் விரிசல் விட்டால் அது விழட்டும் என்று யாரும் காத்திருப்பதில்லை, முட்டுக் கொடுக்கிறோம். (இந்நாளில் அரசியல் பேச்சில் இச்சொல்லுக்கு வேறு பொருள் ஏறிவிட்டது, நான் சொல்வது கொத்தனார் சொல்லும் முட்டு.) தொடையெலும்புக்கு அந்த முட்டு, எலும்பின் நடுவிலுள்ள மஜ்ஜைக் குழாய்க்குள் மேலிருந்து கீழாகச் செலுத்தப்படும் நீண்ட உலோகக் கம்பி. வார்டில் ‘நெயில்’ என்போம், நோயாளிகள் ‘ராடு’ என்பார்கள். ஜெர்மனியின் கெர்ஹார்ட் குன்ட்ஷர் 1939-இல் தொடங்கிவைத்த முறையின் வழிவந்தது இது. இடுப்பருகே ஒரு சிறு கீறல். அறுவையின்போதே எக்ஸ்ரே காட்டும் சி-ஆர்ம் கருவியின் திரையைப் பார்த்தபடி கம்பியை முழங்காலுக்குச் சற்று மேல் வரை இறக்கி, மேல்முனையில் எலும்பின் கழுத்து, தலை ஆகியவற்றுக்குள் போகும் திருகுகளையும், கீழே குறுக்குத் திருகுகளையும் முடுக்குகிறார்கள். அரிப்பு ஓரிடத்தில்தானே இருக்கிறது, இத்தனை நீளக் கம்பி எதற்கு என்று உறவினர் கேட்பதுண்டு. இன்று மேலே அரித்த நோய் ஆறு மாதம் கழித்துக் கீழேயும் அரிக்கலாம். குட்டைக் கம்பியின் நுனியில் எலும்பு முறிந்தால் மறுபடியும் கத்தி வைக்க உடலில் தெம்பு இருக்காது. எனவே இன்றைய முட்டு நாளைய அரிப்பையும் கணக்கில் வைத்து எலும்பு முழுவதையும் தாங்க வேண்டும்.

எலும்பின் தலையோ கழுத்தோ அரிக்கப்பட்டிருந்தால் கம்பி உதவாது. அந்தப் பகுதியை அகற்றிவிட்டுச் செயற்கைத் தலையை எலும்புச் சிமெண்ட் வைத்துப் பொருத்துவார்கள். மேற்பகுதி முழுதுமே கரைந்துபோனவர்களுக்கு அத்தனை நீளத்துக்கும் உலோக எலும்பே வைக்க வேண்டியிருக்கும். எலும்புப் புற்று நோயாளிகளின் காலைக் காப்பாற்றுவதற்காக அளவெடுத்துச் செய்யப்படும் இத்தகைய செயற்கை எலும்புகளை நம் நாட்டில் பரவலாக்கிய முன்னோடிகளில் ஒருவர் சென்னையின் டாக்டர் மயில்வாகனன் நடராஜன் என்பது தமிழர்கள் பலருக்குத் தெரியாது.

முறிந்த பிறகும் இதே அறுவைதான்; ஆனால் அப்போது வலியும் ரத்த இழப்பும் அதிகம், மருத்துவமனையில் கிடக்கும் நாள்களும் அதிகம். சாதாரண முறிவுக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு, இங்கே எலும்பு கூடும் என்று நம்பியிருக்க முடியாது என்பதே. 1983-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், புற்றுநோயால் முறிந்த 129 நீண்ட எலும்புகளில் ஏறத்தாழ 35 விழுக்காடு மட்டுமே கூடியிருந்தன. மஜ்ஜையில் தோன்றும் மயலோமா என்ற புற்று உள்ள நோயாளிகளுக்கு மூன்றில் இரண்டு பங்கு கூடியது, நுரையீரல் புற்று நோயாளிகளுக்கு ஒன்றுகூடக் கூடவில்லை. மருத்துவம் முன்னேறி ஆயுள் நீண்டிருக்கும் இந்நாளில் நிலைமை சற்று மாறியிருக்கலாம், ஆனால் அடிப்படை மாறவில்லை. எலும்பு கூடும் வரை கம்பி தாங்கினால் போதும் என்பது விபத்து நோயாளியின் கணக்கு. இங்கே நோயாளியின் ஆயுள் முழுவதும் கம்பியே எலும்பாக நிற்க வேண்டும், அதுவும் அறுவை முடிந்த மறுநாளே முழு எடையையும் தாங்கி நிற்க வேண்டும். ஆறு வாரம் காலை ஊன்றாதீர்கள் என்று சொல்வதற்கு இவர்களிடம் உபரியாக ஆறு வாரம் இல்லை.

இனி, வார்டில் நான் ஆயிரம் முறையாவது கேட்டிருக்கக்கூடிய கேள்விக்கு வருகிறேன். “ஸ்டேஜ் நாலுன்னு சொல்லிட்டாங்க, இனிமே எதுக்கு சார் கத்தி? நிம்மதியாப் போகட்டுமே.” கேட்பவர்கள் கொடியவர்கள் அல்லர். கடனும் அலைச்சலும் கண்டு களைத்துப்போன பிள்ளைகள், அம்மாவை இன்னொரு முறை அறுக்க மனம் வராதவர்கள். ஆனால் அந்தக் கேள்விக்குள் ஒரு தவறான எண்ணம் ஒளிந்திருக்கிறது: அறுவை என்பது நோயைக் குணமாக்கவே, குணமாகாது என்றால் அறுவை வீண் என்ற எண்ணம். தொடையில் வைக்கும் இந்தக் கம்பி ஒருநாளும் புற்றைக் குணமாக்கப் போவதில்லை. அதற்காக வைக்கப்படுவதும் இல்லை. முறிந்த தொடையோடு நிம்மதியாகப் போவது என்று ஒன்று கிடையாது. மார்ஃபின் கொடுத்தால் அசையாமல் படுத்திருக்கும் வலி அடங்கும், புரட்டும்போது வரும் வலி அடங்காது. புரட்டாமல் விட்டால் புண்.

பெரியம்மா போய்ச் சில ஆண்டுகள் கழித்து எங்கள் வார்டின் ஆறாம் கட்டிலுக்குப் பூக்கட்டி விற்கும் அம்மா ஒருவர் வந்தார். அவருக்கும் மார்பகப் புற்றுதான், அவருக்கும் வலது தொடைதான். புறநோயாளிப் பிரிவில் இளம் மருத்துவர் ஒருவர் புடவைத் தலைப்புக்கு மேல் தெரிந்த பழைய தழும்பைப் பார்த்துவிட்டுத் தொடையை முழு நீளத்துக்கும் படம் எடுக்கச் சொன்னதால், முறியும் முன்பே கண்டுபிடிக்கப்பட்டது. கம்பி வைத்த மறுநாள் கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு உட்கார வைத்தேன். அதற்கு மறுநாள் வாக்கரைப் பிடித்து நின்றார். ஆறாம் கட்டிலிலிருந்து கழிவறைக்கு 22 அடி; தரைக் கற்களை எண்ணித்தான் நாங்கள் நோயாளியின் முன்னேற்றத்தைக் குறிப்போம். பாதி தூரத்தில் நின்று மூச்சு வாங்கினார், மீதியையும் நடந்தார். நான் வழக்கம்போல உள்ளே வரை துணைக்குப் போனேன். “சார், நீங்க வெளிய நில்லுங்க, நான் கதவச் சாத்திக்கிறேன்” என்றார். அதற்குப் பிறகு அவர் பதினைந்து மாதம் இருந்தார் என்றும், கடைசி இரண்டு மூன்று வாரம் தவிர மற்ற நாளெல்லாம் தானே எழுந்து போனார் என்றும், காப்பீட்டுத் தாள் ஒன்றில் கையெழுத்து வாங்க வந்த மகள் சொன்னார்.

இதனால் எல்லோருக்கும் கத்தி வைத்துவிட வேண்டும் என்று நான் சொல்வதாகக் கொள்ளக் கூடாது. இந்த அறுவைக்கு ஆபத்து உண்டு. கம்பிக்காகக் குழாயைக் குடையும்போது மஜ்ஜைக் கொழுப்பும் புற்றுத் துகள்களும் ரத்தத்தில் கலந்து நுரையீரலை அடைக்கலாம். கால் ரத்தக் குழாயில் உறைகட்டி வரலாம். கீமோ எடுத்தவரின் காயம் ஆறத் தாமதமாகலாம். அறுவை மேசையிலேயே இறந்தவரையும் பார்த்திருக்கிறேன். இன்னும் சில நாள்களே என்ற நிலையில் இருப்பவருக்கு நரம்பை மரக்கச் செய்யும் ஊசி, போதிய மார்ஃபின், மெல்லிய தாங்கு கட்டு ஆகியவையே சரியான மருத்துவம். முன்பெல்லாம் மூன்று மாதமாவது இருப்பார் என்று தோன்றினால்தான் தொடுவார்கள். இப்போது சில வாரங்களே எஞ்சியிருந்தாலும், உடல் மயக்க மருந்தைத் தாங்கும் என்றால் வலி தணிக்கவே செய்யலாம் என்ற கருத்து வலுத்திருக்கிறது. ஆயுளைக் கணிப்பதில் அறுவை மருத்துவர், புற்றுநோய் மருத்துவர், வலிதணிப்பு மருத்துவர் மூவரும் சேர்ந்து உட்கார்வது அவசியம். எங்கள் பெரியம்மா விஷயத்தில் அந்த முடிவை வார்டு ரவுண்ட்ஸில் ஒருவர் நின்றபடியே இரண்டு நிமிடத்தில் எடுத்தார்.

அவசரமும் கெடுதல்தான். புற்றுநோய் வரலாறு உள்ளவரின் எலும்பில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் அரிப்பு தெரிந்தால், அது பழைய நோயின் பரவல்தான் என்று முடிவு கட்டிக் கம்பியை இறக்கிவிடக் கூடாது. முதலில் திசுப் பரிசோதனை. அது எலும்பிலேயே தோன்றிய சார்க்கோமாவாக இருந்துவிட்டால், கம்பி அதை இடுப்பிலிருந்து முழங்கால் வரை தொடை முழுதும் பரப்பிவிடும். காப்பாற்றியிருக்கக்கூடிய காலை எடுக்க நேரும். அதேபோல் சிறுநீரகப் புற்றும் தைராய்டு புற்றும் எலும்பில் வளர்க்கும் கட்டிகள் ரத்தக் குழாய்களின் பின்னல். டீக்கடை வைத்திருந்த ஒருவருக்குச் சிறுநீரகப் புற்று தொடைக்கு வந்திருந்தது. நாளைக்கே செய்துவிடலாம் என்று உறவினர்கள் நெருக்கியும், எங்கள் மருத்துவர் அவரைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பி, கட்டிக்குப் போகும் ரத்தக் குழாய்களை ஊசி வழியே அடைத்து, ஓரிரு நாளுக்குள் அங்கேயே அறுவை நடக்க ஏற்பாடு செய்தார். கூடவே ரத்தத்தில் கால்சியம் பார்க்க வேண்டும். எலும்பு கரையும்போது அது ஏறும். தீராத தாகம், மலச்சிக்கல், சொன்னதையே சொல்லும் குழப்பம், ஓயாத தூக்கம் ஆகியவற்றை வீட்டார் வயோதிகம் என்றும் வலி மாத்திரை மயக்கம் என்றும் எடுத்துக்கொள்கிறார்கள். அது மருத்துவமனைக்கு ஓட வேண்டிய நிலை.

கம்பி வைத்தபின் மக்கள் செய்யும் தவறு ஒன்றுண்டு. நடக்க ஆரம்பித்துவிட்டார், இனிக் ‘கரண்ட்’ வைக்க எதற்கு அலைய வேண்டும் என்று கதிர்வீச்சுக்குப் போகாமல் இருந்துவிடுவது. கம்பி சுமையைத் தாங்குகிறதே தவிரப் புற்றைத் தடுப்பதில்லை. காயம் ஆறியதும், அறுவை முடிந்த இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் கம்பி போன இடம் முழுதும் கதிர்வீச்சு கொடுக்காவிட்டால் அரிப்பு தொடர்ந்து, திருகுகளுக்குப் பிடிமானம் போய், எத்தனை உறுதியான உலோகமும் ஒருநாள் களைத்து உடையும். மறுதலையாக, முறியும் நிலையில் உள்ள எலும்புக்குக் கதிர்வீச்சு மட்டும் கொடுத்து அனுப்புவதும் போதாது. வலி சீக்கிரம் குறையும், எலும்பில் மீண்டும் சுண்ணம் ஏற மாதங்கள் ஆகும். வலி குறைந்த தைரியத்தில் நோயாளி காலை அழுத்தி ஊன்றும் இந்த இடைவெளியில்தான் முறிவு நேர்கிறது. எலும்பைக் காக்கப் போடும் சோலெட்ரானிக் அமில ஊசியைப் பற்றி ஒன்றே ஒன்று: தொடங்கும் முன் பல் மருத்துவரைப் பார்த்துச் சொத்தைப் பல்லைப் பிடுங்கிக்கொள்ள வேண்டும், ஊசி தொடங்கியபின் பிடுங்கினால் தாடையெலும்பு ஆறாமல் போகக்கூடும்.

நாட்டுக் கட்டுப் போடுபவர்களைக் குறை சொல்லும் எண்ணம் எனக்கில்லை. என் கை எலும்பே சிறுவயதில் முட்டைப் பற்றிலும் மூங்கில் சிம்பிலும் கூடியதுதான். ஆனால் புற்றுநோய்க்கு மருத்துவம் பார்த்தவரின் தொடையை எண்ணெய் விட்டு நீவி இழுப்பது, அரித்த விட்டத்தில் ஊஞ்சல் கட்டி ஆடுவதற்குச் சமம். எங்கள் தொழிலைச் சேர்ந்தவர்களுக்கும் இது பொருந்தும். இன்று தெருவுக்கு ஒரு பிசியோதெரபி மையம் வந்துவிட்டது. படிவத்தில் சர்க்கரை, ரத்த அழுத்தம் கேட்கிறோம். புற்றுநோய்க்கு எப்போதாவது மருத்துவம் எடுத்தீர்களா என்று கேட்பதில்லை. நோயாளியும் தானாகச் சொல்ல மாட்டார், சிலர் அந்தச் சொல்லை மருமகளிடம்கூடச் சொன்னதில்லை.

நம் மாநிலத்தில் இதைச் சரிசெய்யப் புதிதாகக் கட்டடம் கட்ட வேண்டியதில்லை. 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அடையாறில் தொடங்கிய புற்றுநோய் நிலையம் முதல் காஞ்சிபுரம் காரப்பேட்டை அரசு மருத்துவமனை வரை புற்றுநோய்க்கென்றே இடங்கள் இருக்கின்றன. மாவட்டந்தோறும் எலும்பு அறுவை மருத்துவர்கள் இருக்கிறார்கள். மார்ஃபின் கிடைப்பதற்கான சட்டச் சிக்கல்கள் 2014-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் பெருமளவு தளர்ந்தன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலிதணிப்புச் சிகிச்சைக்கும் இயன்முறைச் சிகிச்சைக்கும் ஆள்கள் வீட்டு வாசலுக்கே போகிறார்கள். அவர்கள் கையில் உள்ள குறிப்பேட்டில் ஒரு கேள்வி கூடட்டும்: புற்றுநோய்க்கு மருத்துவம் பார்த்தவர் காலை ஊன்றும்போது தொடையிலோ தொடையிடுக்கிலோ முழங்காலிலோ வலி என்கிறாரா? ஆம் என்றால் அந்த வாரமே இடுப்பிலிருந்து முழங்கால் வரை முழுத் தொடைக்கு எக்ஸ்ரே எடுக்கவும், அதுவரை அவர் ஊன்றுகோலோ வாக்கரோ இன்றி நடக்காமலிருக்கவும் ஏற்பாடு செய்ய வேண்டும். எலும்பு மருத்துவர் ஓரிடத்திலும் கதிர்வீச்சு இயந்திரம் வேறோர் ஊரிலும் இருப்பதால் நோயாளி நடுவில் தொலைந்துபோகிறார். கம்பி வைத்து அனுப்பும்போதே கதிர்வீச்சுக்கான தேதியையும் எழுதிக் கொடுத்தனுப்பும்படி சுகாதாரத் துறை உத்தரவிட வேண்டும்.

தங்களிடம் நான் கேட்பது இதைவிடச் சிறியது. கட்டுரையோடு வெளியிட்டிருந்த முழங்கால் படம் மிகத் தெளிவாக இருந்தது. அதைக் கத்தரித்து வீட்டில் ஒட்டிவைப்பவர்கள் உண்டு என்பது எனக்குத் தெரியும்; என் மனைவியே அப்படிச் செய்பவர். அடுத்த முறை அப்பகுதி வெளிவரும்போது, புற்றுநோய் வரலாறு உள்ளவர்கள் இந்தப் பயிற்சிகளைத் தொடங்கும் முன் தொடையெலும்புக்கும் எக்ஸ்ரே எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற ஒரு வரியைப் படத்துக்குக் கீழே சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற இயன்முறை சிகிச்சையாளர்,
மன்னார்குடி.